காரணம் சொல்லிச் சிரிக்கும் லயம்

ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். சொன்னால் வாச்சர் இராசையாவின் காதுக்கு எட்டும், எட்டினால், "எவன் சொன்னான், எதுக்குச் சொன்னான், பின்னால யாரு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். அந்த வம்பு நமக்கெதற்கு? அந்தத் தோட்டத்து மேல் டிவிசனில் ஒரு லயம் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பழக்கம் அந்த லயத்துக்கு உண்டு. அங்கே யார் சிரித்தாலும் காரணம் சொல்லித்தான் சிரிப்பார்கள்.

கேலியில்லை, நிஜம். லயம் என்றால் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். இடையில் இருக்கிற சுவர் கூரையைத் தொடாது. முதல் காம்பராவில் பிள்ளை தும்மினால் கடைசிக் காம்பராவில் "நூறாயுசு" என்பார்கள். இராசையாவின் பக்கத்துக் காம்பராவில் இருப்பவள் நிஷாந்தினி, கொழுந்து பறிக்கிற பெண், சிரிப்பை மடியில் கட்டிக்கொண்டே திரிபவள். அவளுக்குச் சிரிப்பு வந்தால் முதலில் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். பிறகு சுவருக்கு மேலே பார்த்து ஒரு குரல் கொடுப்பாள்.

"மாமா! நாடகத்துல மாமியாக்காரி தண்ணித் தொட்டியில விழுந்துட்டா! அதுக்குத்தான் சிரிக்கப் போறோம்!"

சுவருக்கு இந்தப் பக்கமிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். வந்ததும் அந்த வீடே குலுங்கும். சில நேரம் காரணம் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு ஆறிப்போய்விடும். சில நேரம் காரணத்தைச் சொல்லும்போதே மும்மடங்காகி, சொல்ல முடியாமல் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து புரள்வார்கள். "மெதுவா சொல்லுங்க, வெளங்கல" என்பார் இராசையா. அது போதாதா? மறுபடியும் உருளுவார்கள்.

இந்தக் கூத்தைத் தொடக்கி வைத்தவள் இராசையாவின் மனைவி அங்கம்மா. கல்யாணமாகி வந்த புதிதில், கூரையில் நடந்த சேவல் ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து தொப்பென்று வாசலில் விழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு போயிற்று. அங்கம்மா சிரித்தாள். அவள் சிரிப்பதற்கென்றே பிறந்தவள். பிறந்தபோது அழாமல் சிரித்திருப்பாள் என்று அவளுடைய ஆத்தாவே சொல்வாள். இராசையா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எதுக்குச் சிரிச்ச?"

விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்து இன்னும் சிரித்தாள். அவர் திரும்பவும் கேட்டார். மூன்றாவது தரம் கேட்டபோது அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அட, இந்த மனிதருக்கு யார் சிரித்தாலும் அது தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத்தான் படுகிறது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பாவமாக இருந்தது. "சேவல் விழுந்துச்சுங்க" என்றாள். அவர் எழுந்து போய்ச் சேவலைப் பார்த்துவிட்டு வந்து மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார்.

அன்றிலிருந்து அவளுடைய சிரிப்பும் காரணமும் ஒன்றாகவே வெளிவரும். ஒருநாளும் பொய்க் காரணம் சொன்னதில்லை. சிரிப்பு அவரைப் பற்றியதென்றால்கூட, "உங்க சாரம் பின்னால கிழிஞ்சிருக்கு, அதுக்குத்தான்" என்று நேராகச் சொல்லிவிடுவாள். மற்றவர்கள் சொல்கிற காரணத்தை இராசையா துருவுவார், தோண்டுவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். அங்கம்மா சொன்னதை மட்டும் இரண்டாம் தரம் கேட்கமாட்டார். ஊரில் ஒருவரையும் நம்பாத மனிதர் தன் ஒருத்தியை நம்புகிறார் என்பதில் அவளுக்கு உள்ளூர அப்படியொரு பெருமை. நகைநட்டு இல்லாதவளுக்கு அதுதான் நகை.

சந்தேகம் என்றால் சும்மா சந்தேகமா அது! அடுத்த வீட்டில் தேத்தண்ணி குடிக்கமாட்டார். கல்யாணப் பந்தியில், அதே சட்டியிலிருந்து வேறொருவர் சாப்பிட்டு, எழுந்து, கை கழுவி, நல்லபடியாக நடந்து போவதைப் பார்த்த பிறகுதான் தன் இலையில் கை வைப்பார். செத்த வீட்டுக்குப் போனால் பிணத்தின் நெஞ்சையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார், மூச்சு வருகிறதா என்று. நிஷாந்தினி வீட்டு டிஷ் தன் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்று அவள் புருசனோடு ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை. எப்போதோ ஒரு கல்யாணத்தில் வெற்றிலைத் தட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டது. அந்த மாப்பிள்ளைக்கு இப்போது பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. இராசையா இன்னும் அந்த வீட்டாரோடு பேசுவதில்லை. யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் இன்னும் மோசம். "சோழியன் குடுமி சும்மா ஆடாது" என்று அன்றைக்கு முழுக்கத் தூங்கமாட்டார்.

ஆனால் வேலைக்கு அதுவே பொருந்திப்போயிற்று. இளவட்டமாக இருந்தபோதே அவரைத் தோட்டத்துக் காவலுக்கு வாச்சராகப் போட்டுவிட்டார்கள். விறகு வெட்டுகிறவன், மரக்கறித் தோட்டத்தில் லீக்ஸ் பிடுங்குகிறவன், ஒருவனும் அவரிடம் தப்பியதில்லை. ஒருதரம் தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த பெரிய தொரையையே மறித்துவிட்டார். "நீங்கதான் தொரைன்னு நான் எப்படி நம்புறது?" என்று அவரை மழையில் நிறுத்திவைத்து, கிளார்க் ஐயாவைக் கூட்டிவந்து அடையாளம் காட்டவைத்த பிறகுதான் விட்டார். மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டில் தொரை எல்லார் முன்னாலும் அவரைப் புகழ்ந்தார். இராசையா அதற்கும் ஒரு வாரம் தூங்கவில்லை.

அங்கம்மாவுக்கு இது எப்போதும் விளையாட்டாக இருந்ததா என்றால், இல்லை. சில நாள் அலுத்துப்போகும். அப்போது கொழுந்து மலையின் உச்சிக்குப் போய், கூடையை இறக்கி வைத்துவிட்டு, காரணமே இல்லாமல் ஆசை தீரச் சிரித்துவிட்டு வருவாள். தேயிலைச் செடி எதுக்கென்று கேட்காது.

இப்படியே போயிருக்கும். இராசையாவுக்கு அறுபது எட்டிப்பிடிக்கிற நேரத்தில் கண்ணில் புரை விழுந்தது.

முதலில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு மாலையில் அவர் விறகுக் காட்டில் ஒரு பலாமரக் கட்டையை மறித்து நிறுத்தி, "யார்ரா அது? கையத் தூக்கு!" என்று அதட்டிக்கொண்டிருந்ததை நிஷாந்தினியின் புருசன் பார்த்துவிட்டான். கட்டை பதில் சொல்லவில்லை. அதனால் சந்தேகம் கூடி, அதன் அப்பன் பெயரையும் கேட்டிருக்கிறார். அன்றைக்கு நிஷாந்தினி வீட்டில் சிரிப்பு வந்தது. காரணம் சொல்ல முடியாத சிரிப்பு. தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார்கள்.

தோட்டத்து மருந்துக்கார ஐயா பார்த்துவிட்டு, பதுளைக்குப் போய் ஒப்பரேசன் செய்யவேண்டும், விட்டால் பார்வை போய்விடும் என்றார். இராசையா எழுந்தே விட்டார்.

"நல்லா இருக்கே! என் கண்ணைக் கழட்டிட்டு வேற எவன் கண்ணையோ வச்சு அனுப்புவானுக. அப்புறம் நான் பாக்குறதெல்லாம் அவனுக்கும் தெரியும். வாச்சர் கண்ணு யாருக்கு வேணும்? கள்ளனுக்குத்தான் வேணும்!"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கோ பகலும் இருண்டது. முகம் தெரியாதபோது எல்லா முகமும் தன்னை முறைக்கிற முகம்தான். சிரிப்புக்கு மட்டும் காரணம் கேட்டவர் இருமலுக்கும் கேட்கத் தொடங்கினார். "யாரு நடக்குறா? ஏன் நிக்கிறா? ஏன் மறுபடி நடக்குறா?" நிஷாந்தினி வீட்டில் டிவியின் சத்தத்தையே குறைத்துவிட்டார்கள். அந்த லயம் ஊமையாகிப்போனது.

இந்த மனிதர் இருட்டுக்குள் போய்விட்டால் அங்கே தன்னையும் நம்பமாட்டார் என்று அங்கம்மாவுக்குத் தெரிந்தது. கண் போனால் கையைப் பிடித்து நடத்தலாம். கையையே நம்பாதவரை எப்படி நடத்துவது?

கொஸ்லந்தையில் கட்டிக்கொடுத்த மகள் ஜீவராணி வந்தாள். அவள் கெட்டிக்காரி. கெட்டிக்காரர்கள் செய்கிற காரியம்தான் சில நேரம் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகும்.

"ஏமாத்தித்தாம்மா கூட்டிட்டுப் போகணும். கதிர்காமம் போறோம்னு சொல்லுங்க. முருகன்னா வருவாரு. பதுளையில பஸ் ஏறப்போறோம்னு ஆட்டோவுல ஏத்தி, ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிருவோம். ஆட்டோக்கார றவூப் அண்ணன்கிட்ட நான் பேசிட்டேன்."

அங்கம்மா தயங்கினாள். பிறகு அவருடைய கண்ணை நினைத்துச் சரியென்றாள். காரியம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி வீட்டைக் கழுவினாள். இராசையாவும் விரதமிருந்தார். கதிர்காமத்துக்குப் போகிற ஆளின் பூரிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. "முருகன் மட்டும்தாண்டி ஒளிவு மறைவு இல்லாதவன்" என்றார். அவளுக்குச் சுரீரென்றது.

போகிற நாள் வந்தது. விடிந்தும் விடியாத குளிரில் எழுந்து, தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் தட்டில் வைத்தாள். பூவும் வைத்தாள். ஆட்டோ வந்து நின்றது. அவர் வெள்ளை வேட்டியும் திருநீறுமாக ஏறி உட்கார்ந்தார். ஜீவராணி ஒரு பக்கம், அங்கம்மா ஒரு பக்கம், நடுவில் இராசையா. வளைவுகளில் ஆட்டோ சாயும்போது மூன்று பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்தார்கள். றவூப் பக்திப் பாட்டுக்கூடப் போட்டிருந்தான், பாவம், அவன் பங்குக்கு. இராசையா தாளம் போட்டுக்கொண்டு வந்தார். திடீரென்று தாளம் நின்றது. மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். மறுபடியும் உறிஞ்சினார்.

"அங்கம்மா. மடியில என்ன?"

"சாப்பாட்டுப் பார்சலுங்க. ரொட்டி."

"ரொட்டிக்கு என்ன?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐயையோ! அந்த லயத்துப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி நாள் என்றால் கையே ஒரு வேலை செய்யும். கிளினிக்கில் காத்துக்கிடக்கப் பசிக்கும், வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டும் என்று ரொட்டியோடு கருவாட்டுச் சம்பல் கட்டுவார்கள். ஜீவராணிக்கு அம்மை போட்டபோது கட்டியிருக்கிறாள், தனக்குக் கால் சுளுக்கியபோது கட்டியிருக்கிறாள். அன்று காலையிலும் மனது கதிர்காமம் என்று சொல்லிக்கொண்டிருக்க, கை ஆஸ்பத்திரி என்று நினைத்துக் கருவாட்டை வறுத்துவிட்டது.

முழுப் பூசணிக்காயையாவது சோற்றில் மறைக்கலாம். கருவாட்டை எதில் மறைப்பது?

"முருகன் கோயிலுக்குப் போறவ கருவாடு கட்டுவாளா?" என்றார் இராசையா. அந்த நேரம் பார்த்து றவூப், பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஆஸ்பத்திரிப் பாதையில் திருப்பினான். புகை மூடிய கண்ணிலும் அது தெரிந்துவிட்டது.

அடடா, அந்த மனிதரின் சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே! கோபப்படவில்லை. கத்தவில்லை. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, பதுளைத் தெருவில் நின்று, இரண்டு கையையும் விரித்து, "பாத்தீங்களா! நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!" என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொன்னார். வாழ்நாள் முழுக்கச் சந்தேகப்பட்டவருக்கு அன்றைக்குத்தான் ஒரு சந்தேகம் முழுசாகப் பலித்திருக்கிறது. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி துள்ளினார். இருந்த குதூகலத்தில், ஜென்மத்தில் செய்யாத காரியமாக ஒரு கடையில் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, தனியாகப் பஸ் ஏறி வீடு போய்ச் சேர்ந்தார்.

றவூப் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, கருவாடுதானா கெடைச்சிச்சு ஒங்களுக்கு?" அங்கம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை தெரிந்தது. அடுத்த நாள் சட்டியைக் கழுவும்போது ஏதோ நினைப்பில் அவள் சிரித்துவிட்டாள். வழக்கம்போலக் கேள்விக்குக் காத்திருந்தாள். கேள்வி வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். இராசையா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "கருவாட்டை நெனச்சுட்டேங்க, அதுக்குத்தான்" என்று அவளாகவே சொன்னாள். "ம்" கூட இல்லை.

அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அவள் சொல்வதை இனி நம்பப்போவதில்லை, பிறகெதற்குக் கேட்பது? எத்தனை வருசமாக அந்தக் கேள்வியைத் திட்டியிருக்கிறாள்! அது போனதும் நெஞ்சில் கல் விழுந்த மாதிரி இருந்தது. தன் ஒரே நகையைத் தானே கிணற்றில் போட்டுவிட்டோமே என்று அவள் மலையுச்சிக்குப் போனாள். அன்றைக்கு அங்கே சிரிப்பு வரவில்லை.

மறுவாரம் ஒருவரிடமும் சொல்லாமல் தானே பஸ் ஏறிப் பதுளைக்குப் போனாள். கண் கிளினிக்கில் கதையைச் சொன்னாள். கேட்ட நர்ஸ், "நீங்க மொதல்ல பாக்கவேண்டியது வேற டொக்டர்" என்று மனநலப் பிரிவில் இருந்த டொக்டர் சுலோஜனாவிடம் அனுப்பினாள். யாழ்ப்பாணத்துப் பெண். மெலிந்த உருவம், நிதானமான பேச்சு. அங்கம்மா சேவலில் தொடங்கிக் கருவாடு வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னாள். டொக்டர் ஓரிடத்திலும் இடைமறிக்கவில்லை. கருவாடு வந்தபோது மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டா.

"அவருக்குப் பைத்தியமாங்க?"

"இல்லையம்மா. அவருக்கு இல்லாத குரல் கேக்கேல்லை, இல்லாத ஆள் தெரியேல்லை. உள்ளதைத்தான் பாக்கிறார். ஆனா உள்ளது எல்லாத்துக்கும் பின்னால தனக்கொரு கெடுதல் இருக்குதெண்டு அவரின்ர மனம் சொல்லுது. சில பேருக்கு இளம் வயசில இருந்தே மனம் அப்பிடி அமைஞ்சுபோகும். அவர் வேணுமெண்டு செய்யிறதில்லை. பயத்தில செய்யிறார்."

"அது எனக்குத் தெரியுங்க" என்றாள் அங்கம்மா. பிறகு, அவர் சின்னப் பையனாக இருந்தபோது நடந்ததையும் சொன்னாள். சித்தி குடும்பம் அடுத்த காம்பராவில்தான் இருந்தது. பெரியவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் சில நாளாகக் குசுகுசுவென்று பேசினார்கள், சிரித்தும் பேசினார்கள். ஒரு காலையில் எழுந்து பார்த்தால் காம்பரா காலி. எல்லாரும் இந்தியாவுக்குக் கப்பலேறப் போய்விட்டார்கள். அவரைத் தூக்கி வளர்த்த சித்தி. ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தா. "அதாலதான் இப்பிடி எண்டு நான் அடிச்சுச் சொல்ல மாட்டன். பிறப்பிலயும் கொஞ்சம் இருக்கும். ஆனா அந்தப் பிள்ளைக்கு ஒராள் முதலே சொல்லியிருக்கலாம்." பிறகு நேராகப் பார்த்தா. "அவரோட வாதாடாதேங்கோ. வாதாடினாச் சந்தேகம் கூடும். அவர் சொல்லுறதுக்கெல்லாம் ஓமெண்டும் சொல்லாதேங்கோ. உள்ளதை உள்ளபடி, குரலைத் தாழ்த்தாமச் சொல்லுங்கோ. முடிவை அவரிட்டை விடுங்கோ. நீங்கள் காரணம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சது நல்ல வேலை. ஒரு பொய்யால அதைக் கெடுத்துப்போட்டியள்."

அங்கம்மாவுக்குச் சுட்டது. ஆனால் சுற்றி வளைக்காமல் சொன்னது பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே, லயம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்: "நான் பதுளைக்குப் போனேன். மனசு டொக்டரப் பாத்தேன். பேரு சுலோஜனா. உங்களப் பத்தி எல்லாத்தையும் சொன்னேன். வியாழக்கிழமை மறுபடி போறேன். நீங்க வந்தா வரலாம். ஒப்பரேசன் செய்யச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. கருவாடு கட்டுவேன்."

வியாழக்கிழமை இராசையா வேட்டி கட்டிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றார். ஒப்பரேசனுக்கா? சே! தன்னைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்ட அந்தப் பெண் யார், யார் அனுப்பினார்கள் என்று கண்டுபிடிக்கத்தான்.

"நீங்க கண் டொக்டரா?" என்றார் போனவுடன்.

"இல்லை. நான் மனநல டொக்டர்."

"அப்ப நான் பைத்தியம்ங்கிறீங்க."

"இல்லை. நீங்கள் சந்தேகக்காரர்."

இராசையாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு நடந்ததை விசாரணை என்றுதான் சொல்லவேண்டும். கண் டொக்டரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், சிங்களவர், பொறுமையானவர். சுலோஜனா நடுவில் இருந்து மொழிபெயர்த்தா. எடுக்கிற லென்ஸை என்ன செய்வீங்க? புதுசை யார் செய்தது? உள்ளே கம்பி இருக்கா? கடைசியாக, "இதுல யாருக்காவது கண்ணு கெட்டுப்போயிருக்கா?"

கண் டொக்டர் ஒளிக்கவில்லை. "போயிருக்கு. ரொம்பக் குறைவு. ஆனா போயிருக்கு" என்றார், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில்.

இராசையா திகைத்துப்போனார். கெட்டதை மறைக்காமல் சொல்கிற வெளி ஆளை அவர் அதுவரைக்கும் சந்தித்ததே இல்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, "சரி. ஒரு கண்ணுல மட்டும் செய்யுங்க. மத்தக் கண்ணால உங்களப் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றார்.

ஒப்பரேசன் அறைக்குள் நடந்ததை அங்கம்மா பிறகுதான் கேட்டறிந்தாள். இராசையா விழித்தபடி படுத்திருக்கிறார். கண்ணை மரக்கவைத்து, முகத்தைத் துணியால் மூடியிருக்கிறார்கள். மத்தக் கண்ணும் துணிக்குள்ளே போய்விட்டது! சுலோஜனா, மனிதருக்குத் துணையாக, தலைமாட்டில் நிற்கிறா. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இராசையாவின் உடம்பு விறைத்தது. கண் டொக்டர் கையை எடுத்துவிட்டார்.

"எதுக்குச் சிரிச்சீங்க?" துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நர்ஸ் அவசரத்தில செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு வந்திட்டா" என்றா சுலோஜனா உடனே. "ஒண்டு நீலம், ஒண்டு பச்சை. இப்பதான் கண்டனாங்கள். அதுக்குத்தான்."

"பொய்."

"முடிஞ்ச பிறகு நீங்களே பாருங்கோ."

துணிக்குள் யோசனை நடந்தது. "சரி, செய்யுங்க." முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு எழுந்து உட்கார்ந்தவர் முதலில் செய்த வேலை, குனிந்து, மூக்கு தரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து, புகை மூடிய மத்தக் கண்ணால் அந்த நர்ஸின் காலைப் பார்த்ததுதான். நீலம். பச்சை. நிமிர்ந்து அந்தப் பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சுலோஜனாதான் வெளியே வந்து அங்கம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்து முடித்தா.

அத்தோடு விட்டதா? ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு மருந்துப் போத்தல் கொடுத்தார்கள். ஒருநாளும் தவறாமல் போடவேண்டும், விட்டால் புண்ணாகி, செய்ததெல்லாம் வீணாகிக் கண்ணே போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டு அவிழ்த்தாகிவிட்டது. வீட்டில் அங்கம்மா போத்தலை எடுத்தாள். இராசையா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"உன் கையால வேணாம்."

ஆஸ்பத்திரியை நம்பிவிட்டார், செருப்பு மாறிப் போட்ட நர்ஸை நம்பிவிட்டார், அவளை நம்பவில்லை. அங்கம்மா அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அழுகை வந்தது, அழுதாள்.

அவரே போட்டுக்கொள்ளப் பார்த்தார். அண்ணாந்து, வாயைப் பிளந்து, போத்தலை உயரத் தூக்கி அமுக்குவார். சொட்டு மூக்கில் விழும். அடுத்தது காதுக்குள் போகும். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார், கன்னமெல்லாம் மருந்து. நாளாக ஆகக் கண் சிவந்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண் கோவைப்பழமாகிவிட்டது. அவர் விடாப்பிடியாக இன்னொருதரம் அமுக்க, சொட்டு நேராக மீசையில் விழுந்து, நுனியில் தொங்கி, ஆடி, வாய்க்குள் போனது. கசப்பில் முகத்தைச் சுளித்தார் பாருங்கள்! அங்கம்மாவுக்கு அடக்க முடியவில்லை. வெடித்துவிட்டாள்.

"எதுக்குடி சிரிச்ச?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்டுவிட்டார்! எத்தனை நாளைக்குப் பிறகு! தலைகால் புரியாத சந்தோசத்தில் வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன.

"மருந்தெல்லாம் மீசைக்குப் போகுதுங்க. புரை விழுந்தது மீசையிலயா? அதுக்குத்தான் சிரிச்சேன்." பிறகு அவர் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். குரலைத் தாழ்த்தவில்லை. "கதிர்காமம்னு சொன்னது பொய். தெரிஞ்சுதான் சொன்னேன். உங்க கண்ணு போயிருமோங்கிற பயத்துல சொன்னேன். உங்ககிட்ட நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான். இனிச் சொல்ல மாட்டேன். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா கண்ணு சிவந்திருக்குங்க. எனக்குப் பயமா இருக்கு."

இராசையா புதுக் கண்ணால் அவளைப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரைக்கும், ஒரு வாச்சர் பார்க்கிற பார்வை. போத்தலை முகர்ந்து பார்த்தார். ஒட்டியிருந்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் மடியில் தலையை வைத்துப் படுத்தார்.

சொட்டு சரியாக விழுந்தது.

"கொஞ்ச நேரம் ரெண்டு கண்ணையும் மூடிக்கங்க" என்றாள். மூடிக்கொண்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு நடைமுறை. அங்கம்மா தூங்கி, மூச்சு சீராக வந்த பிறகுதான் இராசையா படுப்பார். வேறொருவர் முழித்திருக்கும்போது அவர் கண்ணை மூடி அவள் பார்த்ததே இல்லை. இப்போது மடியில் தலை கனத்தது. வாய் லேசாகத் திறந்தது. கர்ரென்று ஒரு குறட்டை வந்தது. அங்கம்மா திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள். கால் மரத்துப்போனது. அசையவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் நிஷாந்தினிக்குப் பொறுக்கவில்லை. "அத்தே! என்ன சத்தத்தையே காணோம்? மாமா எங்க?"

"மெதுவாப் பேசுடி. தூங்குறாரு."

"பட்டப்பகல்லயா? நீங்க முழிச்சிருக்கையிலயா?"

"ஆமாடி" என்றாள் அங்கம்மா. "நான் முழிச்சிருக்கையிலதான்."